சிறு ஏரிக்கரைகளும் வெள்ளப் பாதுகாப்பும்: கரையை உயர்த்துவதா, கலங்கலை அகலப்படுத்துவதா?

வயலோரம் எழுதியது:

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டு (அதனால் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கும் குறைவு என்பதால், அது நீர்வளத் துறையிடம் இல்லாமல் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. கரையின் உயரம் சுமார் 4 மீட்டர். ஏரி நிரம்பியபின் உபரிநீர் வழிந்து வெளியேறும் கல் கட்டுமானமான கலங்கலின் நீளம் 20 மீட்டர். நீர்வரத்துப் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர். எங்களுக்கு மேலே சங்கிலித் தொடராக இரண்டு சிறிய ஏரிகள் இருக்கின்றன. கரைக்குக் கீழே முன்பு நஞ்சை நிலமாக இருந்த இடத்தில் இப்போது ஒரு மனைப்பிரிவு உருவாகி வீடுகள் எழும்பியுள்ளன.

சென்ற மழைக்காலத்தில் கலங்கல் பாய்ந்து அந்தத் தெருக்களில் தண்ணீர் நின்றது. அதன்பிறகு கூடிய கிராம சபையில், கரையை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும் என்றும், கலங்கலின் மேல் ஓர் அடிக்கு மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை ஏரிக்குள்ளேயே தேக்கினால் வீடுகளுக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது என்றும் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சபையில் எடுத்துச் சொல்லும் அளவுக்குக் காரணங்கள் என் கையில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மதகடி எழுதியது:

நீங்கள் ஐயப்பட்டது நியாயமே. பாசன ஏரிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் மணல் மூட்டையைப் பற்றிக் கணக்குப் போட்டே சொல்கிறேன். கிராம சபையில் வாதத்தைவிடக் கணக்கே எடுபடும்.

கலங்கலின் மேல் தண்ணீர் 2 அடி உயரத்துக்குப் பாய்வதாகக் கொண்டால், மீட்டர் நீளத்துக்கு விநாடிக்கு சுமார் 0.8 கனமீட்டர் வெளியேறும். உங்கள் 20 மீட்டர் கலங்கலில் அது ஏறத்தாழ 16 கனமீட்டர், அதாவது விநாடிக்கு 560 கன அடி. இப்போது ஓர் அடிக்கு மூட்டை அடுக்கிவிட்டீர்கள் என்றால், ஏரியின் நீர்மட்டம் அதே அளவில் நிற்கும்போது கலங்கலின் மேல் பாய்வதற்கு எஞ்சியிருப்பது ஓர் அடிதான். உயரம் பாதியானால் வெளியேற்றமும் பாதியாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வெளியேற்றம் உயரத்தின் ஒன்றரை மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குவதால், அது ஏறத்தாழ 200 கன அடியாகச் சுருங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் மிஞ்சும். மீதித் தண்ணீர் ஏரிக்குள் ஏறிக்கொண்டே போய், கடைசியில் கரையின் தாழ்வான இடத்தைத் தேடி வழியும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால், வெளிச்சரிவை அரித்துக்கொண்டு உச்சிவரை வந்து, சில மணி நேரத்தில் உடைப்பெடுத்துவிடும். கல் கட்டிய கலங்கலுக்கும் மண் போட்ட கரைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வெள்ளத்தின் அளவையும் பார்ப்போம். நம் ஏரிகளுக்கு வழக்கமாகக் கையாளும் ரைவ்ஸ் சூத்திரப்படி, கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் உள்ள 4 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு உச்ச வெள்ளம் விநாடிக்கு சுமார் 17 கனமீட்டர், அதாவது 600 கன அடி. உங்கள் கலங்கல் அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் 2024 ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதே மழை உங்கள் நீர்வரத்துப் பரப்பில் பெய்து, அதில் 70 விழுக்காடு ஓடி வந்தால், 24 மணி நேரமும் இடைவிடாமல் வரும் சராசரி வரத்தே விநாடிக்கு 16 கனமீட்டர் ஆகிறது. மழை நாள் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. உச்ச நேர வரத்து அதைப்போல் பல மடங்காகும். ஆகவே, மூட்டை அடுக்குவதற்கு முன்பே உங்கள் கலங்கல் போதாது என்பதே என் முடிவு. கலங்கலை நீட்டுங்கள், அல்லது எதிர்ப்பக்கம் இன்னொரு கலங்கல் கட்டுங்கள். அதற்குக் கீழே உபரிநீர்க் கால்வாய் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். தெருக்களில் தண்ணீர் நின்றதற்குக் காரணம் ஏரி நிரம்பியதா, அந்தக் கால்வாயின் மேல் மனை போட்டதா என்பதையும் கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஏர்முனை எழுதியது:

மதகடி ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவனின் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஏரி முழுதாக நிரம்பினால்தான் நவரைப் பட்டத்தைப் பற்றி நினைக்கவே முடியும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில், கலங்கலின் மேல் ஓர் அடி தேக்கியிருந்தால் இரண்டு நனைப்புத் தண்ணீராவது கிடைத்திருக்குமே என்று ஏங்கியவர்கள் நாங்கள். வெள்ளம் வரும் என்று அக்டோபரிலேயே ஏரியைப் பாதியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு மழை வராமல் போனால் அந்தப் பயிருக்கு யார் பொறுப்பு? ஏரிக்குக் கீழே வந்து வீடு கட்டியவர்கள் நேற்று வந்தவர்கள். அவர்களுக்காக எங்கள் தண்ணீரைக் கடலுக்கு அனுப்ப வேண்டுமா?

மதகடி எழுதியது:

உங்கள் கேள்வி முறையானது. அதற்குப் பழைய விடை ஒன்று கலங்கலிலேயே இருக்கிறது. பல ஏரிகளில் கலங்கலின் மேல் ஒரு மீட்டர் இடைவெளியில் கல் நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருவமழையின் வேகம் தணிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு இடையே பலகையோ புல் மண்ணோ வைத்து அடைத்து, கடைசி மழையின் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவார்கள். அடுத்த பருவத்துக்கு முன் அதை எடுத்துவிடுவார்கள். கற்களின் உச்சி அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் போகாது. தேக்குவதில் தவறில்லை, எந்த மாதத்தில் தேக்குகிறோம், எடுக்க யார் பொறுப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணல் மூட்டையை அடுக்கியவர்கள் நள்ளிரவு மழையில் கலங்கலின் மேல் இறங்கி அதை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது, உயிருக்கு ஆபத்து.

இதில் ஓர் இடர்ப்பாடு இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015 இல் சென்னையைச் சூழ்ந்த பெருமழை டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்தது. 2023 இல் தென்மாவட்ட மழை டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது. ஆகவே டிசம்பர் தொடக்கத்திலேயே அடைத்துவிடலாம் என்ற பழைய வழக்கத்தை இனி நம்ப முடியாது.

செம்புலம் எழுதியது:

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது அங்குள்ள சிறு மண் அணைகளை அருகில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டவை அவை என்பதால், ஏர்முனை அவர்களின் கேள்விக்கு அவை வேறொரு கோணத்தைத் தருகின்றன.

1944 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கட்டப்பட்ட முதல் அணை, கார்டெல் என்ற சிற்றூருக்கு அருகே கிளவுட் கிரீக் ஓடையில் 1948 இல் முடிந்தது. 1954 இல் வந்த சிறு நீர்ப்பிடிப்புச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் ஏறத்தாழ 12,000 அணைகள் எழுந்தன. ஓக்லஹோமாவில் மட்டும் 2,107. இவற்றின் அமைப்பு எளிமையானது. அடியில் கொஞ்சம் நிரந்தரத் தண்ணீர், அதற்கு மேலே வெள்ளம் வந்து தங்குவதற்கென்று காலியாக விடப்பட்ட இடம். குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறியதும், கதவு எதுவும் இல்லாத ஒரு செங்குத்துக் குழாயின் வாயில் அது தானாக விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியே மெதுவாக வெளியேறும். பத்து நாள்களுக்குள் அந்த இடம் மறுபடி காலியாகிவிட வேண்டும் என்பது விதி. அதையும் மீறி வெள்ளம் வந்தால், கரையின் ஓரத்தில் கெட்டித் தரையில் வெட்டிப் புல் வளர்த்த அகலமான வழியில் அது போய்விடும். இரவில் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த அணைகளில் பலவும் 50 ஆண்டு ஆயுளுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. கட்டியபோது கீழே வெறும் மேய்ச்சல் நிலம் இருந்ததால் குறைந்த ஆபத்து வகை என்று பதிந்துவிட்டார்கள். பின்னர் அங்கே வீடுகள் வந்தன. கரையில் ஒரு கூடை மண் கூட மாறாமல், அணை மட்டும் அதிக ஆபத்து வகைக்கு ஏறிவிட்டது. இவற்றைச் சீரமைக்க 2000 ஆம் ஆண்டில் தனியாகச் சட்டத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. வயலோரம் அவர்களின் ஊரில் நடந்திருப்பதும் இதுவே. கீழே வந்தவர்கள் நேற்று வந்தவர்களாகவே இருக்கட்டும். கரை உடைந்தால் முதலில் தண்ணீர் போவது அவர்கள் வீட்டுக்குள்.

வயலோரம் எழுதியது:

மிக்க நன்றி. இன்று காலை கரையின் வெளிப்பக்கம் முழுவதும் நடந்து பார்த்தேன். இதுவரை எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மதகின் வெளிவாய்க்கு இடப்பக்கம், கரை அடியில், கையளவு இடத்தில் தண்ணீர் ஊறி வருகிறது. மதகை இறுக்க மூடியிருக்கும்போதும் அது நிற்கவில்லை. அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வண்டல் ஒரு தட்டு விளிம்பு போல வட்டமாகப் படிந்திருக்கிறது. அதற்கு மேலே வெளிச்சரிவில் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. ஊரில் கேட்டால், ஏரி நிரம்பினால் அங்கே எப்போதும் ஊறும் என்கிறார்கள்.

மதகடி எழுதியது:

இந்தச் செய்தியைப் படித்த பிறகு, கரையை உயர்த்தும் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் கவனியுங்கள் என்று வேண்டுகிறேன்.

மண் கரைகள் உடைவது பெரும்பாலும் இரண்டே வழிகளில்தான். ஒன்று, மேலே வழிவது. மற்றொன்று, உள்ளே அரிப்பது. இரண்டாவதற்கு மிகவும் ஏற்ற இடம் மதகு. கல்லாலோ சிமெண்டாலோ ஆன மதகுக் குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாக இறுக்க முடியாததால், குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு மண் துகளாக எடுத்துச் செல்லும். துளை வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் நோக்கி நீளும். அது ஏரித் தண்ணீரைத் தொடும் நாளில் வரத்து ஒரேயடியாகப் பெருகும். அதற்கு முந்தைய நாள்வரை அது உங்கள் ஊரார் சொல்லும் பழைய ஊற்றாகவே காட்சியளிக்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த ஊற்று நீரைப் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். தெளிவாக இருந்தால், கரை கசிகிறது என்று பொருள். எல்லா மண் கரைகளும் ஓரளவு கசியும். அடியில் வண்டல் படிந்தால், கரையின் உடலே கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். நீங்கள் வர்ணிக்கும் வட்டப் படிவம் எனக்குக் கவலை தருகிறது. கூடவே, ஒரு டப்பா நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் ஏரியின் நீர்மட்டத்தையும் ஒன்றாகக் குறித்து வாருங்கள். நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினால், உடனே ஒன்றியப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒன்றை மட்டும் தவறியும் செய்யாதீர்கள்: களிமண்ணையோ சிமெண்டையோ வைத்து ஊற்று வாயை அடைக்காதீர்கள். அடைத்த தண்ணீர் அழுத்தம் கூடிப் பக்கத்தில் வேறொரு வாயைத் திறக்கும். அவசரத்தில் செய்ய வேண்டியது, ஊற்றின் மேல் முதலில் பரும்படி மணல், அதன்மேல் சிறு சல்லி, அதன்மேல் கருங்கல் என்று பரப்பி, தண்ணீர் வெளியேறவும் மண் வெளியேறாமல் நிற்கவும் வழி செய்வது. அமெரிக்க அணைகளிலும் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் கட்டும் பழைய முறையைக் கைவிட்டு, 1980களிலிருந்து மணல் வடிகட்டிச் சுவர் வைக்கும் முறைக்கு மாறினார்கள். செம்புலம் அவர்கள் பார்த்திருக்கக்கூடும்.

கருவேலத்தைப் பற்றி: வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், அது மக்கி, கரைக்குள் குழாயாக நிற்கும். ஏரி வற்றியிருக்கும் கோடையில் வேரோடு தோண்டி, குழியில் ஈரப்பதம் பார்த்து மண் போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும்போது ஜேசிபி வைத்துக் கரையில் வேர் பிடுங்கினால், நீங்களே உடைப்பை ஏற்படுத்தியவர்கள் ஆவீர்கள்.

செம்புலம் எழுதியது:

ஆம், வடிகட்டிச் சுவர் பற்றிச் சொன்னது சரிதான். 4 மீட்டர் கரை என்ன செய்துவிடும் என்று கிராம சபையில் கேட்பார்கள் என்பதால் ஒரு நிகழ்வையும் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை ஏறத்தாழ 12 மீட்டர் உயரமே உள்ள மண் அணை. 1977 நவம்பர் 6 அதிகாலையில் மழையின் நடுவே அது உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். ஆய்வு செய்தவர்களால் ஒற்றைக் காரணத்தை உறுதியாகக் காட்ட முடியவில்லை. செங்குத்தான கீழ்ச்சரிவு சரிந்ததையும் கசிவு அரிப்பையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள்.

கோரம்பள்ளத்தான் எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீரை நாங்கள் மறக்கவில்லை. மாவட்டம் முழுவதும் குளங்கள் உடைந்தன. அதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேலே உள்ள குளம் உடைந்தால், கீழே உள்ள குளத்துக்கு வருவது மழை வெள்ளம் அல்ல, ஒரு குளம் முழுவதும். எந்த மறுகாலும் (நீங்கள் கலங்கல் என்பதை நாங்கள் அப்படிச் சொல்வோம்) அதற்காகக் கட்டப்பட்டதில்லை. 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணையின் மண் கரை அடித்துச் செல்லப்பட்டதற்கு முன்பும், மேலே பிஞ்சா நீர்த்தேக்கத்தின் கரை உடைந்திருந்தது.

வயலோரம் அவர்களே, உங்களுக்கு மேலே உள்ள இரண்டு ஏரிகளின் கரைகளையும் போய்ப் பாருங்கள். அந்த ஊர்களில் மழை இரவில் யாரை அழைக்க வேண்டும் என்ற எண் உங்கள் ஊராட்சித் தலைவரிடம் இருக்கிறதா?

வழக்காடி எழுதியது:

சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன். 2021 ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றை நிறைவு செய்பவற்றுக்கும் பொருந்தும். 4 மீட்டர் ஏரிக்கரை அதன் பார்வைக்கே வராது. பருவத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம் என்று அந்தச் சட்டம் கேட்கும் எதையும் ஒன்றிய ஏரிக்கு யாரும் கேட்பதில்லை. ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்குமான 2007 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பொதுப்பணித் துறை ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது.

உயரத்தை வைத்து வரம்பு போடுவதை நான் முழுமையாக மறுக்கவில்லை. பல்லாயிரம் ஏரிகளையும் தேசிய அளவில் கண்காணிக்க முடியாது. ஆனால் கரைக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்ற கேள்வி அந்த வரம்பில் எங்குமே இல்லாதது பெருங்குறை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகமும் கரையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகமும் ஒன்றையொன்று கேட்பதில்லை.

ஏர்முனை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஆயிரம் ஆண்டாக நின்ற கரைகள் சூத்திரமோ சட்டமோ இல்லாமல்தானே நின்றன? உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. அன்று குடிமக்களே பார்த்துக்கொண்டார்கள்.

மதகடி எழுதியது:

முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அவற்றில் நமக்குரிய செய்தி. பழைய கரைகள் தாமாக நிற்கவில்லை. அவை உடைந்தன, மீண்டும் கட்டப்பட்டன, தூர் வாரப்பட்டன. நண்டு வளையும் எலி வளையும் கண்ட அன்றே, ஏரியைக் காத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி அடைத்தார். இன்று அந்த நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டில் கூலியாக நெல் அளப்பதும் நின்றுவிட்டது, அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் இரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து சுமார் 20 பேர் இறந்தபோது, நண்டுகள் துளைத்ததே காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். நண்டு எந்தக் கரையிலும் துளைக்கும். கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டும் அந்தத் துளைகளைப் பார்க்க ஆள் போகவில்லை என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கரையை உயர்த்தும் கோரிக்கைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் இரண்டுக்கு ஒன்று சரிவு என்றால், உச்சி அகலம் குறையாமல் ஒரு மீட்டர் உயர்த்த, அடியில் 4 மீட்டர் அகலம் கூட வேண்டும். அதற்கு இடம் விடாமல் உச்சியில் மட்டும் மண் கொட்டினால் சரிவு செங்குத்தாகும். பழைய மண்ணைப் படிப்படியாக வெட்டிப் புதிய மண்ணோடு பிணைக்காவிட்டால் இரண்டுக்கும் இடையே கசிவு வழி உண்டாகும். அந்த மண்ணையும் ஏரிக்குள் கரை அடியை ஒட்டியே தோண்டி எடுப்பார்கள். வண்டல் படிந்து கசிவைத் தடுத்துக்கொண்டிருந்த போர்வை அதோடு போய்விடும்.

வயலோரம் எழுதியது:

பாட்டில் நீரில் அடியில் விரல் நகத்தின் கனத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது. படத்தோடும் நீர்மட்டக் குறிப்போடும் ஒன்றியப் பொறியாளரிடம் மனு கொடுத்துவிட்டேன். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கிறேன். மனுவில் மதகுக் கசிவு முதல் கோரிக்கை, கலங்கல் நீட்டிப்பும் உபரிநீர்க் கால்வாய் அளவீடும் அடுத்தவை. கரை உயர்த்தும் தீர்மானத்தை நிறுத்திவைக்குமாறும் கேட்டிருக்கிறேன். மேல் ஏரி ஊர்களின் எண்களை வாங்கிவிட்டேன். கரையின் உச்சி எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு என்ன செய்வது?

மதகடி எழுதியது:

மட்டம் பார்க்கும் கருவியுள்ள நில அளவர் ஒருவரைக் கொண்டு, கலங்கலின் மேல்மட்டத்தைத் தொடக்கமாக வைத்து, 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் கரை உச்சியை அளக்கச் சொல்லுங்கள். மாட்டுவண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கும் இடங்களில் கட்டாயம் ஒரு புள்ளி வையுங்கள். தாழ்வு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த இடங்களை மட்டும் சமன் செய்வதற்குச் செலவு மிகக் குறைவு, மழைக்கு முன் முடித்துவிடலாம். மதகுக்கு அருகே ஒரு லாரி பரும்படி மணலும் ஒரு லாரி சல்லியும் இப்போதே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். அடைமழையில் கரைமேல் லாரி ஏறாது.

வயலோரம் எழுதியது:

மணலும் சல்லியும் இறக்க ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். ஆயக்கட்டுதாரர் இருவரும் மனைப்பிரிவைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து, கலங்கல் பாயும் இரவுகளில் முறை வைத்துக் கரையைச் சுற்றிவரப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.